அந்த முந்நூறு மடங்கு எங்கிருந்து வருகிறது?

ஆண்டுதோறும் இந்தச் செய்தி வந்துவிடுகிறது. ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி, அங்கே வேலை செய்யும் சாதாரணத் தொழிலாளியைவிட 200 மடங்கு வாங்குகிறார், 300 மடங்கு வாங்குகிறார், சில இடங்களில் ஆயிரம் மடங்கையும் தாண்டுகிறார். உடனே சண்டை தொடங்கிவிடும். பகல் கொள்ளை என்பார் ஒருவர். திறமைசாலிக்குக் கொடுக்கிறார்கள், உனக்கேன் வயிறு எரிகிறது என்பார் இன்னொருவர். இருவரும் அந்த எண்ணை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பார்களே தவிர, அதைத் திருப்பிப் போட்டு எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பது அபூர்வம்.

முந்நூறு மடங்கு என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மேலே இருப்பதில் மாதச் சம்பளம் என்று நாம் சொல்வது சிறு துணுக்குதான். கீழே இருப்பவரும் நாம் மனதில் வைத்திருக்கும் அந்தத் தொழிலாளியாக இல்லாமல் போகலாம். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டால், இடைவெளி ஏன் இவ்வளவு பெருத்தது என்பதும் ஓரளவு விளங்கிவிடும். கணக்குத் தெரிந்த பிறகும் கோபம் வரலாம். எனக்கு வருகிறது. முன்பு கோபப்பட்ட காரணம் வேறு, இப்போதைய காரணம் வேறு, அவ்வளவுதான்.

## மேலே இருக்கும் எண்: ஒரு டாலர் சம்பளக்காரர்

1997-ல் ஆப்பிளுக்குத் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் ஆண்டுக்கு ஒரு டாலர்தான் சம்பளம் வாங்கினார். பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட் பல பத்தாண்டுகளாக ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரோடு நின்றுகொண்டார். சம்பளத்தை மட்டும் வைத்து மடங்கு போட்டால், ஜாப்ஸைவிட அவர் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்தவர் பெரும் பணக்காரர்!

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க இரண்டு சொற்களைப் பிரித்தே பயன்படுத்துகிறேன். மாதாமாதம் வருவது சம்பளம். வேலைக்கு ஈடாக ஓர் ஆண்டில் கிடைக்கும் எல்லாம் சேர்ந்தது ஊதியம்.

பெரிய நிறுவனத் தலைவர், அதாவது தலைமைச் செயல் அதிகாரி, ஒருவரின் ஊதியத்தைப் பிரித்தால், அடியில் சம்பளம் இருக்கும். அதன்மேல் ஆண்டு ஊக்கத்தொகை, அதாவது போனஸ். ஓய்வூதியப் பங்களிப்பு, மெய்க்காவல், தனி விமானம் என்று சில்லறைகள் கொஞ்சம். சில்லறை என்றால் அவர்கள் அளவில் சில்லறை. இத்தனையையும் தூக்கிச் சாப்பிடுவது பங்கு.

நிறுவனத்தின் உரிமையைப் பல கோடித் துண்டுகளாக வெட்டினால், அதில் ஒரு துண்டுதான் பங்கு. அதை வைத்திருப்பவர் பங்குதாரர். எல்லாத் துண்டுகளின் இன்றைய விலையையும் கூட்டினால் வருவது சந்தை மதிப்பு.

தலைவருக்குப் பங்கைக் கொடுக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. முதலாவது நேரடியானது: "இத்தனை ஆண்டு இங்கேயே இருந்தால், அல்லது இன்ன இலக்கை எட்டினால், இத்தனை பங்கு உங்களுக்கு." இரண்டாவதுதான் ஸ்டாக் ஆப்ஷன். இதற்கு ஒரு மனையை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விலை பத்து லட்சம். ஐந்து ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் இதே பத்து லட்சத்துக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று மனைக்காரர் உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். முன்பணம் ஒரு காசு வேண்டாம். விலை முப்பது லட்சமானால் பத்துக்கு வாங்கி முப்பதுக்கு விற்கலாம். ஆறு லட்சமாக இறங்கினால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகலாம். மனைக்குப் பதில் பங்கு, மனைக்காரருக்குப் பதில் நிறுவனம் என்று வைத்துக்கொண்டால் ஸ்டாக் ஆப்ஷன் முடிந்தது. ஏறினால் லாபம் உங்களுக்கு, இறங்கினால் நட்டம் உங்களுக்கில்லை. இந்த ஒருபக்கச் சாய்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

டெஸ்லா 2018-ல் ஈலான் மஸ்க்குக்கு வகுத்த திட்டம் இதன் உச்சம். சம்பளம் இல்லை, போனஸ் இல்லை. பன்னிரண்டு படிகள். நிறுவனத்தின் சந்தை மதிப்பும் வருவாய், லாப இலக்குகளும் ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும், நிறுவனப் பங்குகளில் சுமார் ஒரு விழுக்காட்டை 2018 விலைக்கே வாங்கிக்கொள்ளும் உரிமை. கடைசிப் படிக்கான சந்தை மதிப்பு 65,000 கோடி டாலர். அந்த இலக்குகளை அன்று பலர் பகற்கனவு என்றார்கள். நிறுவனம் எல்லாவற்றையும் எட்டியது. திட்டத்தின் மதிப்பு 5,500 கோடி டாலரைத் தாண்டியது. வழக்கு, தீர்ப்பு என்று அதன் கதை நீண்டது வேறு விஷயம்.

## ஒதுக்கியதா, கைசேர்ந்ததா?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். பங்கை ஊதியத்தில் எந்த ஆண்டுக் கணக்கில் எழுதுவது? கொடுப்பதாக வாக்களித்த ஆண்டிலா, உண்மையில் கைக்கு வந்த ஆண்டிலா? முன்னதை ஒதுக்கிய கணக்கு என்றும் பின்னதைக் கைசேர்ந்த கணக்கு என்றும் சொல்லலாம்.

ஆப்பிளின் டிம் குக் கதையைப் பாருங்கள். 2020-ல் அவர் ஊதியம் 1.48 கோடி டாலர். அங்கே ஊதிய வரிசையில் நடுவில் நிற்கும் ஊழியரைவிட 256 மடங்கு. அடுத்த ஆண்டே அது 9.87 கோடி டாலர், 1,447 மடங்கு! ஓர் ஆண்டில் மனிதர் ஆறு மடங்கு பேராசைக்காரர் ஆகிவிட்டாரா? 2011-ல் தலைவரானபோது பத்து ஆண்டுக்கும் சேர்த்து அவருக்கு ஒரே தவணையாக 10 லட்சம் பங்குகளை ஒதுக்கினார்கள். அன்றைய விலைக்கு 37.6 கோடி டாலர். அது முழுவதும் 2011 கணக்கிலேயே ஏறிவிட்டது. அதனால் நடு ஆண்டுகளில் அவர் ஊதியம் அடக்கமாகத் தெரிந்தது. 2021-ல் அடுத்த சில ஆண்டுகளுக்கான புதிய ஒதுக்கீடு, சுமார் 8.2 கோடி டாலர், மொத்தமாக அந்த ஆண்டில் ஏறியது. மடங்கு எகிறிவிட்டது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அதே 2021 ஆகஸ்டில், பழைய ஒதுக்கீட்டின் கடைசித் தவணையாக சுமார் 50 லட்சம் பங்குகள் குக் கைக்கு வந்தன. (இடையில் ஒவ்வொரு பங்கையும் பல பங்குகளாகப் பிரித்திருந்தார்கள்.) மதிப்பு ஏறக்குறைய 75 கோடி டாலர். அந்த ஆண்டு ஊதியக் கணக்கில் அது வரவே இல்லை, பத்து ஆண்டுக்கு முன்பே எழுதியாகிவிட்டதால். ஆக, 1,447 என்ற எண்ணைப் பார்த்து அதிகம் என்றவர்களும், அது ஒரே ஆண்டுக்குரியதல்ல, மிகையான எண் என்றவர்களும், மேசையின் மறுமுனையில் 75 கோடி டாலர் கைமாறியதைக் கவனிக்கவில்லை.

அமெரிக்க நிறுவனங்கள் வெளியிடும் மடங்கு ஒதுக்கிய கணக்குப்படி வருகிறது. பிரிட்டனில் செயல்திறன் இலக்குகளுக்கான பங்குகள் கைசேரும் காலத்தில்தான் கணக்கில் ஏறும். இரண்டு நாடுகளின் மடங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் படங்களை இனிமேல் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

இதுவரை பார்த்தது: தலைவரின் ஊதியத்தில் பெரும்பகுதி பணமாக வருவதில்லை, பங்காக வருகிறது. அதன் மதிப்பு சந்தையோடு ஏறி இறங்கும். எந்த ஆண்டில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே மனிதரின் மடங்கு பெரிதும் மாறும்.

## கீழே இருக்கும் எண்: நடுவில் நிற்பவர் யார்?

இனி வகுத்தலின் கீழ்ப்பகுதி. 'சாதாரணத் தொழிலாளி' என்று யாரை எடுப்பது?

ஒரு நிறுவனத்தில் 1,001 பேர் என்று வைத்துக்கொள்வோம். குறைவாக வாங்குபவர் முன்னால், அதிகம் வாங்குபவர் பின்னால் என்று எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள். 501-ஆவதாக நிற்பவர் வாங்குவதுதான் இடைநிலை ஊதியம். சராசரி எடுத்தால் மேலே இருக்கும் பத்துப் பேரின் கோடிகள் எல்லோர் தலையிலும் தெளிக்கப்பட்டு, கடைநிலை ஊழியர்கூட வசதியானவர்போலத் தெரிவார். நடுவில் நிற்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. கடைசியில் நிற்பவரின் ஊதியத்தைப் பத்து மடங்கு ஆக்கினாலும் 501-ஆவது ஆளின் கையில் ஒரு காசும் ஏறாது.

அமெரிக்காவில் 2010-ல் வந்த டாட்–ஃபிராங்க் சட்டம், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் தலைவரின் ஊதியத்தையும் இடைநிலை ஊதியத்தையும் ஒப்பிட்டு வெளியிட வேண்டும் என்றது. விதிமுறை எழுதி முடிக்க 2015 ஆயிற்று. முதல் எண்கள் வெளிவந்தது 2018-ல். எட்டு ஆண்டு இழுபறி. ஓர் எண்ணை வெளியிடுவதற்கே இத்தனை எதிர்ப்பு என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எண் வந்ததும் அது எவ்வளவு வழுக்கலானது என்பதும் சேர்ந்தே வந்தது. ஸ்டார்பக்ஸ் என்ற காபிக் கடைச் சங்கிலி 2024 நிதியாண்டுக்குக் காட்டிய மடங்கு 6,666. நிறுவனத்துக்குப் புதிதாக வந்த தலைவர் அந்த நிதியாண்டில் வேலை பார்த்தது சில வாரங்கள்தான். முந்தைய நிறுவனத்தில் அவர் விட்டுவிட்டு வந்த பங்குகளுக்கு ஈடாகக் கொடுத்த பெரும் ஒதுக்கீடு அதில் இருந்தது. சம்பளத்தையும் முழு ஆண்டுக்கு நீட்டிக் கணக்கிட்டதில் 9.78 கோடி டாலர் வந்தது. கீழே நின்றவரோ ஆண்டுக்கு 14,674 டாலர் வாங்கும் ஊழியர். அங்கே கணிசமானவர்கள் பகுதி நேரம் வேலை செய்பவர்கள். வாரத்துக்குச் சில மணி நேரம் வேலை செய்பவரை முழுநேர ஊழியராக நினைத்துப் பெருக்கிக் காட்ட அமெரிக்க விதி அனுமதிப்பதில்லை. பிரிட்டனில் அப்படிப் பெருக்கித்தான் கணக்கிட வேண்டும். ஒரே கடை, ஒரே ஆள், இரண்டு நாட்டில் இரண்டு எண்.

வரிசையில் நிற்காதவர்களையும் மறந்துவிடக் கூடாது. அலுவலகத்தைச் சுத்தம் செய்பவர், வாசலில் காவல் இருப்பவர், தொலைபேசியில் புகார் கேட்பவர் எல்லோரும் வேறொரு ஒப்பந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தால், அந்த வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. ஆலை வைத்துப் பொருள் செய்யும் நிறுவனத்துக்கு ஆலைத் தொழிலாளி கணக்கில் வருவார். அதே பொருளை வெளியாரிடம் செய்து வாங்கும் நிறுவனத்துக்குப் பொறியாளர்களும் விற்பனை மேலாளர்களும் மட்டுமே வரிசையில் நிற்பார்கள். இரண்டாவது நிறுவனத்தின் மடங்கு குறைவாக இருக்கும். நல்ல பெயரும் அதற்கே. முதலீட்டு வங்கிகளின் மடங்கு, சில்லறைக் கடைச் சங்கிலிகளின் மடங்கைவிடக் குறைவாகத் தெரிவதற்கும் காரணம் இதுதான். வங்கியின் நடுவில் நிற்பவரே கொழுத்த சம்பளக்காரர்.

மடங்கு குறைவாக இருப்பதால் மட்டும் ஒரு நிறுவனம் நியாயமானது என்று ஆகிவிடாது. கூடுதலாக இருப்பதால் மட்டும் அங்கே கொள்ளை நடக்கிறது என்றும் ஆகாது. அந்த நிறுவனத்தின் மடங்கு ஐந்து, பத்து ஆண்டுகளில் எப்படி நகர்ந்தது என்று பார்ப்பதே பயனுள்ள வழி.

## எப்போது பெருத்தது?

வாஷிங்டனில் உள்ள எகனாமிக் பாலிசி இன்ஸ்டிட்யூட், தொழிலாளர் பக்கம் சாய்வுள்ள ஆய்வு நிறுவனம். அமெரிக்காவின் 350 பெரிய நிறுவனங்களின் தலைவர்களையும், அந்தந்தத் துறையில் மேற்பார்வைப் பொறுப்பில்லாத தொழிலாளர்களையும் வைத்து நெடுங்காலக் கணக்கு ஒன்றைப் போட்டுவருகிறது. 1965-ல் 21 மடங்கு. 2023-ல் 290 மடங்கு. 1978 முதல் 2023 வரை, விலைவாசியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், தலைவர்களின் ஊதியம் 1,085 விழுக்காடு ஏறியிருக்கிறது. வழக்கமான தொழிலாளிக்கு 24 விழுக்காடு. இது நிறுவனங்கள் தாமே வெளியிடும் மடங்கிலிருந்து வேறுபட்ட கணக்கு. ஆனாலும் போன திசையில் சந்தேகமில்லை.

ஏன் இப்படி ஆனது? 1990-ல் மைக்கேல் ஜென்சன், கெவின் மர்ஃபி என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு கணக்கைச் சொன்னார்கள். நிறுவனத்தின் மதிப்பு 1,000 டாலர் கூடினால் தலைவரின் சொத்தில் கூடுவது 3.25 டாலர். இப்படி இருந்தால் தலைவர் அரசு அலுவலர் மாதிரி நாற்காலியைத் தேய்ப்பாரே தவிர நிறுவனத்தை வளர்ப்பாரா என்பது அவர்கள் கேள்வி. பங்குதாரர் நலனோடு தலைவர் நலனையும் முடிச்சுப் போடு, அதாவது பங்காகக் கொடு என்ற எண்ணம் அந்தப் பத்தாண்டில் வேகமாகப் பரவியது.

அடுத்து நடந்தது பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. தலைவர்களின் ஊதியத்தைக் கட்டுப்படுத்தவே 1993-ல் அமெரிக்க அரசு வரிச் சட்டத்தைத் திருத்தியது. தலைவருக்குக் கொடுப்பதில் 10 லட்சம் டாலர் வரைதான் நிறுவனம் செலவாகக் காட்டி வரிக்கழிவு பெறலாம். ஆனால் செயல்திறனுக்காகக் கொடுக்கும் ஊதியத்துக்கு வரம்பில்லை என்று ஒரு விதிவிலக்கும் வைத்தார்கள். ஸ்டாக் ஆப்ஷன் செயல்திறன் ஊதியமாகவே கருதப்பட்டது. பிறகு என்ன, 10 லட்சத்துக்குக் கீழே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த பலருக்கு அது குறைந்தபட்சம் ஆயிற்று. அதற்கு மேல் எல்லாம் ஆப்ஷனாகப் பொழிந்தது. தொண்ணூறுகளின் பங்குச் சந்தை ஏற்றம் அந்த ஆப்ஷன்களை வானத்துக்குக் கொண்டுபோயிற்று. விதிவிலக்கை 2017-ல் எடுத்துவிட்டார்கள். வழக்கம் போகவில்லை.

## வாடகை ஏறும் தெரு

பங்கு ஒரு காரணம். இன்னொன்று, இந்த ஊதியத்தை யார், எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது.

பெரிய நிறுவனத்துக்கு லட்சக்கணக்கான உரிமையாளர்கள். அவர்கள் சார்பில் மேற்பார்வை செய்வது இயக்குநர் குழு. அதற்குள் ஊதியக் குழு என்று நாலைந்து பேர். தலைவரின் ஊதியத்தை நிர்ணயிப்பது இவர்கள். இவர்களில் பலர் வேறு நிறுவனங்களில் தலைவர்களாக இருப்பவர்கள் அல்லது இருந்தவர்கள். அடுத்தவரின் பணத்தில், தம்மைப் போன்ற ஒருவருக்குச் சம்பளம் பேசும்போது யாருக்குத்தான் கை இறுகும்?

குழு தன்னிச்சையாக எண் சொல்வதில்லை. ஓர் ஆலோசகரை அமர்த்தும். அவர், இதே அளவுள்ள பதினைந்து இருபது நிறுவனங்களில் தலைவருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று பட்டியல் போட்டுத் தருவார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தெருவை நினைத்துப் பாருங்கள். எல்லா வீட்டுக்காரர்களும் அக்கம்பக்கத்து வாடகையை விசாரித்துத் தம் வாடகையை வைக்கிறார்கள். யாரும் தம் வீடு தெருவின் சுமாரான வீட்டைவிட மட்டம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆளாளுக்கு நடுவிலிருந்து கொஞ்சம் மேலே வைப்பார்கள். அடுத்த ஆண்டு விசாரிக்கும்போது நடுவே மேலே போயிருக்கும். மறுபடி அதற்குக் கொஞ்சம் மேலே. ஒரு செங்கல்கூட மாறாமல் வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

எந்தக் குழுவும் "எங்கள் தலைவர் சராசரிக்குக் கீழே" என்று எழுதி வெளியிட விரும்பாது. எழுதினால் பங்கு விலை விழும், ஏன் அவரை வைத்திருக்கிறீர்கள் என்று கேள்வி வரும். ஊதியத்தை வெளியிட வைத்தால் வெட்கப்பட்டுக் குறைப்பார்கள் என்று நினைத்த சட்டங்கள், பக்கத்து வீட்டு வாடகையை எல்லோருக்கும் தெரியப்படுத்தி, இந்த ஏற்றத்துக்கே உதவின. தொழிலாளியின் சம்பளத்துக்கு இந்தப் பட்டியல் முறை ஏன் வேலை செய்வதில்லை? அங்கே பேரம் பேசும்போது எதிரே இருப்பவர் செலவைக் குறைக்கவே உட்கார்ந்திருக்கிறார்.

பங்குதாரர்கள் தட்டிக் கேட்க முடியாதா? பிரிட்டனில் 2002-ல் வந்த விதிப்படி ஊதிய அறிக்கையைப் பங்குதாரர்களின் வாக்கெடுப்புக்கு விட வேண்டும். அமெரிக்காவில் 2011 முதல். அமெரிக்காவில் அந்த வாக்கு ஆலோசனை மட்டுமே, தோற்றாலும் கொடுக்கலாம். ஆனாலும் முற்றிலும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆப்பிளில் 2021-ல் 95 விழுக்காடு இருந்த ஆதரவு, அந்த 1,447 மடங்கு வெளியான பிறகு 64 ஆகச் சரிந்தது. அடுத்து 2023-க்கான குக்கின் ஊதிய இலக்கை, அவரே பரிந்துரைத்து, 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்து 4.9 கோடி டாலர் ஆக்கினார்கள். ஆண்டு முடிவில் அறிக்கையில் வந்த எண் 6.3 கோடி. குறைத்த பிறகு இது!

சுருக்கமாக: ஊதியம் பங்காக மாறியதால் சந்தை ஏறும்போதெல்லாம் தலைவரும் ஏறினார். அந்தப் பங்கு எவ்வளவு என்பதை ஒருவரையொருவர் பார்த்து நிர்ணயித்ததால், இறங்க வழியில்லாத ஏணியாயிற்று.

## திறமையா, அளவா, அதிர்ஷ்டமா?

இந்த இடத்தில் மறுதரப்பின் வலுவான வாதத்தைச் சொல்லாவிட்டால் நான் அழுகுணி ஆட்டம் ஆடியதாகும். சேவியர் கபே, ஒகஸ்டன் லாண்டியே என்ற பொருளியலாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது: அமெரிக்காவில் 1980-க்கும் 2003-க்கும் இடையில் தலைவர்களின் ஊதியம் ஆறு மடங்கு ஏறியது, பெரிய நிறுவனங்களின் சந்தை மதிப்பும் அதே ஆறு மடங்கு ஏறியது. ஆயிரம் கோடி டாலர் நிறுவனத்தில், மற்றவரைவிட அரை விழுக்காடு மட்டுமே மேலான ஒருவர் ஐந்து கோடி டாலர் கூடுதலாகக் கொண்டுவருவார். லட்சம் கோடி டாலர் நிறுவனத்தில் அதே அரை விழுக்காடு ஐந்நூறு கோடி. திறமையில் நூலிழை வித்தியாசம் போதும், ஊதியத்தில் மலையளவு வித்தியாசம் வர.

நல்ல வாதம். ஆனால் அந்தக் கூடுதல் அரை விழுக்காடு அவர் கொண்டுவந்ததா, தானாக வந்ததா என்று யார் பிரிப்பது? மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் 2001-ல் எண்ணெய் நிறுவனங்களை ஆராய்ந்தார்கள். கச்சா எண்ணெய் விலை உலகச் சந்தையில் ஏறுவதில் ஒரு நிறுவனத் தலைவரின் கைவண்ணம் எதுவுமில்லை. ஆனாலும் விலை ஏறியபோது அவர்கள் ஊதியமும் ஏறியது. மேற்பார்வை பலவீனமாக இருந்த நிறுவனங்களில் இந்த அதிர்ஷ்டக் கூலி இன்னும் அதிகம். ஸ்டாக் ஆப்ஷனின் ஒருபக்கச் சாய்வை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இங்கே வந்து சேர்கிறது. மழை பெய்தால் விளைச்சல் என் திறமை, பெய்யாவிட்டால் வானத்தின் குற்றம்.

போதாததற்கு, பங்கு விலையை ஏற்ற நல்ல பொருள் செய்வது மட்டுமே வழியில்லை. நிறுவனம் தன் லாபத்தைக் கொண்டு தன் பங்கையே சந்தையில் திரும்ப வாங்கலாம். துண்டுகள் குறைந்தால் மீதித் துண்டு ஒவ்வொன்றுக்கும் வரும் லாபம் கூடும். எப்போது, எவ்வளவு வாங்கலாம் என்று யோசனை சொல்பவரின் ஊதியமும் அந்தப் பங்கில்தான் இருக்கிறது.

## தலைவரின் பணத்தைப் பிரித்துக் கொடுத்தால்?

பேச்சில் அடிக்கடி வரும் தவறு இது. "அந்த ஒருவர் வாங்குவதைப் பிரித்தாலே எல்லோர் சம்பளமும் உயர்ந்துவிடும்." ஸ்டார்பக்ஸ் கணக்கையே எடுப்போம். 9.78 கோடி டாலரை உலகம் முழுதும் அங்கே வேலை செய்த சுமார் 3,61,000 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 271 டாலர். வாரத்துக்கு ஐந்து டாலர் சொச்சம். வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் வாழ்க்கை மாறிவிடாது.

இதை வைத்து, பார்த்தாயா, பிரச்சினையே இல்லை என்பவர்கள் இன்னொரு தவறைச் செய்கிறார்கள். தலைவரின் ஊதியம் தனியாக நிற்பதில்லை. அவருக்குக் கீழே உள்ள துணைத் தலைவர்களின் ஊதியம் அவர் எண்ணைப் பார்த்தே நகரும். அதைவிட முக்கியம், தலைவரை எதற்காகக் கொழிக்க வைக்கிறார்களோ அந்தத் திசையில்தான் நிறுவனத்தின் மொத்தப் பணமும் ஓடும். பங்கு விலைக்காகவே ஒருவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவர் சம்பள உயர்வுக்கு முன்னுரிமை தருவார் என்று எதிர்பார்க்க முடியுமா? என் கோபம் இடம் மாறியது இங்கேதான். அவர் எடுத்துக்கொண்ட தொகையைவிட, அந்தத் தொகை அவரை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துகிறது என்பது பெரிதாகப் படுகிறது.

1,085-க்கு எதிரே நின்ற அந்த 24 விழுக்காட்டையும் தனியாகக் கேட்க வேண்டும். அதற்குக் காரணங்கள் வேறு: தொழிற்சங்கங்கள் மெலிந்தது, வேலைகள் ஒப்பந்தத்துக்குப் போனது, குறைந்தபட்சக் கூலி விலைவாசியோடு ஏறாதது. மேலே வெட்டினால் மட்டும் கீழே தானாக வளராது.

## எத்தனை மடங்கு சரி?

2014-ல் வெளியான ஓர் ஆய்வு 40 நாட்டு மக்களின் பதில்களைத் தொகுத்தது. தலைவருக்கும் பயிற்சியில்லாத தொழிலாளிக்கும் இடையே என்ன வித்தியாசம் இருக்கலாம் என்று கேட்டதற்கு வந்த நடுத்தரமான பதில் 4.6 மடங்கு. இப்போது எவ்வளவு இருக்கும் என்றதற்கு, பத்து. அமெரிக்கர்கள் தங்கள் நாட்டில் 30 மடங்கு இருக்கும் என்றார்கள். உண்மையில் 354.

மக்கள் இப்படி நினைத்தாலும் சட்டமாகக் கொண்டுவரும்போது தயங்குகிறார்கள். சுவிட்சர்லாந்து 2013-ல் இருமுறை வாக்களித்தது. மார்ச்சில், தலைவர்களின் ஊதியத்தைப் பங்குதாரர் வாக்கு கட்டுப்படுத்த வேண்டும், பணி விலகும்போது அள்ளிக் கொடுக்கும் தொகைக்குத் தடை வேண்டும் என்ற திட்டத்துக்கு ஏறக்குறைய 68 விழுக்காடு ஆதரவு. நவம்பரில், எந்த நிறுவனத்திலும் கடைசி ஆள் ஓர் ஆண்டில் வாங்குவதைவிட முதல் ஆள் ஒரு மாதத்தில் அதிகம் வாங்கக் கூடாது, அதாவது 12 மடங்கு வரம்பு என்ற திட்டத்துக்கு 65 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அதே மக்கள், அதே ஆண்டு.

இந்தியாவின் 2013 நிறுவனச் சட்டம் வேறு வழியில் போகிறது. பொதுமக்களும் பங்கு வாங்கக்கூடிய நிறுவனத்தில் இயக்குநர்கள் எல்லோருக்குமான ஊதியம் நிகர லாபத்தில் 11 விழுக்காடு வரை, ஒரே நிர்வாக இயக்குநர் என்றால் அவருக்கு 5 விழுக்காடு வரை. பங்குதாரர் கூட்டம் ஒப்புக்கொண்டால் தாண்டலாம். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும் இடைநிலை ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்று ஆண்டறிக்கையில் காட்டவும் வேண்டும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம் 2016-ல் வரியைக் கையிலெடுத்தது. மடங்கு 100-ஐத் தாண்டினால் நகரத்தின் தொழில் வரியில் 10 விழுக்காடு கூடுதல், 250-ஐத் தாண்டினால் 25.

மடங்கை வேலை செய்பவர்களே முடிவு செய்யும் இடமும் இருக்கிறது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956-ல் தொடங்கிய மொந்திராகோன் கூட்டுறவுக் குழுமத்தில் உறுப்பினர்களான தொழிலாளர்களே உரிமையாளர்கள். மேலே இருப்பவர் எவ்வளவு வாங்கலாம் என்பது அவர்கள் வாக்கு. தொடக்கத்தில் மூன்று மடங்கு வைத்தார்கள். நல்ல மேலாளர்கள் வெளியே போய்விடாமல் இருக்கப் பின்னால் உயர்த்தி, பொதுவாக ஆறு மடங்கு அளவில் நிறுத்தினார்கள். பல்லாயிரம் பேர் வேலை செய்யும் குழுமம், ஆலைகளும் கடைகளும் வங்கியும் நடத்துகிறது. ஆறு மடங்கில் எந்த நிறுவனமும் ஓடாது என்பவர்களுக்கு அது நல்ல பதில். ஆனால் குழுமம் வெளிநாடுகளில் வாங்கியும் கட்டியும் நடத்தும் ஆலைகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் உறுப்பினர்கள் இல்லை. அந்த ஆறு மடங்கு வரிசையில் அவர்கள் நிற்பதில்லை.